ஜெபக்கூட்டத்தை அதட்டிய போதகர்

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஜெபத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆண்ட்ரூ முர்ரேயைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த பெரிய போதகர் என்று அவரை நமக்குத் தெரியும். அவரே ஒருமுறை ஜெபக்கூட்டத்துக்குள் நுழைந்து, "பேசாமல் இருங்கள்!" என்று அதட்டியது பலருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் கிராஃப்-ரைனெட் என்ற ஊரில் 1828-இல் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்த போதகர். வெள்ளிக்கிழமை மாலையானால் அப்பா தன் அறையில் உட்கார்ந்து, பிற நாடுகளின் எழுப்புதல் வரலாறுகளை, அதாவது ஜனங்கள் திரளாக தேவனிடம் திரும்பிய வரலாறுகளை வாசிப்பார். பிறகு, இந்த நாட்டுக்கும் அதைத் தாரும் என்று வாய்விட்டு மன்றாடுவார். பிள்ளைகள் வெளியே நின்று கேட்பார்கள். ஆண்ட்ரூ ஸ்காட்லாந்திலும் ஹாலந்திலும் படித்தார். தன் 20-ஆவது பிறந்தநாளில் போதகராக அபிஷேகம் பெற்றார்.

1860-இல் தென்னாப்பிரிக்காவின் வூஸ்டர் சபைக்கு வந்தார். அங்கே ஒரு மாலை வாலிபர் கூட்டம். பக்கத்துப் பண்ணையில் வேலை செய்த, வெள்ளையரல்லாத ஒரு சிறுபெண் பின்னாலிருந்து எழுந்து, "நானும் ஒரு பாட்டு சொல்லலாமா?" என்று கேட்டாள். நடத்தியவருக்குத் தயக்கம். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ! அந்தக் காலம் அப்படி. சரி என்று விட்டார். அவள் பாட்டைச் சொல்லிவிட்டு ஜெபித்தாள். ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் முழுவதும் கதறி ஜெபிக்கத் தொடங்கியது.

முர்ரேக்குச் செய்தி போயிற்று. வந்து பார்த்தார். ஒரே இரைச்சல். "நான் உங்கள் போதகர், தேவனால் அனுப்பப்பட்டவன்" என்று சத்தமிட்டார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. தேவன் ஒழுங்கின் தேவன், இதுவோ குழப்பம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அப்பா வருடக்கணக்காகக் கேட்டது கண்முன் வந்து நிற்கிறது, மகனுக்கு அடையாளம் தெரியவில்லை! அமெரிக்காவில் எழுப்புதலைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் பிறகொரு நாள், "இது ஆவியானவரின் கிரியை, ஜாக்கிரதை" என்று எச்சரித்த பின்புதான் அவர் அமைதியானார். அந்த எழுப்புதலிலிருந்து பல வாலிபர்கள் ஊழியத்துக்குப் புறப்பட்டார்கள்.

அதன்பின் அதே நாட்டில் கேப் டவுன், வெலிங்டன் என்று ஊழியம் நடந்தது. 1879-இல் தொண்டை கெட்டது. ஏறக்குறைய இரண்டு வருடம் பிரசங்கபீடம் இல்லை. பிறகு லண்டனில் ஒரு ஜெப வீட்டில் தங்கி, விசுவாசத்தால் சுகம் பெற்றேன் என்று சாட்சி சொன்னார். நாம் வழக்கமாக அந்தச் சுகத்தைத்தான் பேசுவோம். எனக்கென்னவோ அந்த இரண்டு வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒருகாலத்தில் அதட்டிய குரலே இல்லாமல் போனது. ஜெபத்தைப் பற்றிய அவருடைய பெயர்பெற்ற நூல் வந்தது அதற்குப் பிறகு, 1885-இல். அப்போது அவருக்கு 57 வயது. அதில் 31 பாடங்கள். முதல் பாடமே, "ஆண்டவரே, எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதியும்" என்று சீஷர்கள் கேட்டதுதான். 1917-இல் தன் 88-ஆவது வயதில் மறையும்வரை அவர் அந்த வகுப்பை விட்டு வெளியே வரவில்லை.

இயேசு தம் சீஷர்களுக்குப் பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுக்கவில்லை, ஜெபிக்கத்தான் கற்றுக்கொடுத்தார் என்று அந்த நூலில் எழுதுகிறார். மைக்கைப் பிடித்து நிற்கிற எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. அதனால் பேச்சு போதும். வாலிபர்களில் யாராவது ஜெபத்தைத் தொடங்குங்கள்.