வாசல் மண்ணுக்கு ஒரு பச்சைப் போர்வை

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, வாசலில் புழுதி தாங்க முடியவில்லை. பேவர் பிளாக் பாவிவிடலாமா, இல்லை புல் பதிக்கலாமா?" நான் மூன்றாவதாக ஒரு வழி சொன்னேன். தரையோடு தரையாகப் படரும் செடிகளால் அந்த மண்ணை மூடிவிடலாம். எந்தச் செடி என்பதை மட்டும் நர்சரிக்குப் போய் முடிவு செய்யாதே, உன் வாசலில் நின்று முடிவு செய் என்றேன். இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்ததும் இதுதான்.

நான் குடியிருப்பது மதுரைக்கு மேற்கே. செம்மண், அதில் பாதி சரளை. பங்குனி பிறந்துவிட்டால் வெறுங்காலோடு வாசலில் நிற்க முடியாது. கல் பாவிய வாசல் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி படுக்கப் போகும் வரைக்கும் வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஐப்பசி மழை பெய்தால் பெரும்பகுதி தெருவுக்கு ஓடிவிடும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடிக்கிறோம். வாசலில் விழுகிற மழையைக் கல்லைப் போட்டு விரட்டிவிடுகிறோம். என்னால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

புல்தரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொரியன் புல் மரநிழலில் சோகை பிடித்துப்போகும். கத்திரி வெயிலில் தண்ணீர் குறைந்தால் பழுத்துவிடும். நம் அருகம்புல் எந்த வெயிலையும் தாங்கும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம்தான் சின்ன வாசலில் தொந்தரவு. பக்கத்தில் ரோஜாப் பாத்தி இருந்தால் அடியில் புகுந்து வந்துவிடும், பிறகு பிடுங்கி மாளாது.

சரி, வாசலில் நின்று என்ன பார்ப்பது? ஒருநாள் காலை, உச்சி, சாயங்காலம் என மூன்று வேளையும் பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது? மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்குகிறது? பிள்ளைகள் எந்த வழியாக ஓடுகிறார்கள், வண்டியை எங்கே திருப்புகிறீர்கள்? வண்டிச் சக்கரம் தினமும் ஏறும் தடத்தில் எந்தச் செடியும் நிலைக்காது. அங்கே மட்டும் இடைவெளி விட்டுக் கல் போட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் நன்றாக விழும், ஆள் நடக்கும் வாசலுக்கு என் கை முதலில் தேடுவது பொடுதலையைத்தான். கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் நம் காலடியில் கிடக்கிற கொடிதான். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச எங்கள் அத்தை இதைத் தேடிப் பறித்து வருவார். குனிந்து கிட்டப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். இலை கரண்டி போல இருக்கும், நுனிப் பக்கம் மட்டும் ரம்பப் பல். ஒவ்வொரு பூக்காம்பின் உச்சியிலும் திப்பிலி போல ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி வளையல் போட்டதுபோல வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூக்கள். கொடி போகிற இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர்விடும். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பது அந்த வேர்தான். அதன் மேல் நடந்தால் படிந்துவிட்டு மறுபடி எழுந்துகொள்ளும். என் வாசலில் கோடையில் வாரம் இரண்டு தடவை தண்ணீர் விடுகிறேன், அதுவே போதுமாக இருக்கிறது. மயில் வசீகரன் என்று ஒரு பட்டாம்பூச்சி உண்டு. ஆரஞ்சு இறக்கையில் மயிற்பீலிக் கண் போலப் புள்ளி வைத்திருக்கும். அதன் புழுக்களுக்குப் பொடுதலை இலை ஒரு தீனி. இலையில் ஓட்டை தெரிந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பூத்திருக்கும் நாளில் தேனீக்கள் நிறைய வரும். குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும் இடமென்றால், பூ வரும்போது மேலாக அரிவாளால் ஒருமுறை சீவிவிடுங்கள். மூலையில் ஒரு துண்டைத் தேனீக்களுக்காக விட்டுவையுங்கள்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிப் பத்துக் கன்று கொடுத்தார்கள். பளபளவென்று இலை, மஞ்சள் பூ, நட்ட மூன்று மாதத்தில் பாதி வாசல் பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் வல்லாரைப் பாத்தியைக் காணோம். துளசியைச் சுற்றி வளைத்திருந்தது, மதில் தாண்டிப் பக்கத்து மனைக்கும் போய்விட்டது. அது மஞ்சள் கரிசலாங்கண்ணியே இல்லை. சிங்கப்பூர் டெய்சி என்று விற்கிறார்களே, அந்தச் செடி. பெயரில்தான் சிங்கப்பூர், சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஒரு கணுத் துண்டு மண்ணில் கிடந்தாலும் முளைத்துவிடும். கடைசிக் கொடியைப் பிடுங்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. சிங்கப்பூர் டெய்சியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து பளபளக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை மடல் பிரியாமல் ஒடுங்கி நீண்டிருக்கும், பூவும் சிறியது. வெளிநாட்டுச் செடி எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பத்துமணிப் பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நல்ல வெயில் விழும் சரளை மூலையில் கலர் கலராகப் பூத்துவிட்டு, கொடுத்த இடத்தோடு நின்றுகொள்ளும். "சீக்கிரம் படரும்" என்று நர்சரியில் சொன்னால், எங்கே நிற்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

குழாயடி, தொட்டியடி மாதிரி ஈரம் காயாத, அரை நிழலான இடத்துக்கு வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் பொருத்தம். சோப்புத் தண்ணீரோ சாக்கடையோ கலக்கும் இடமாக இருந்தால் அதைப் பறித்துச் சமைக்க வேண்டாம். லேசான மர நிழலுக்கு, மஞ்சள் பூ பூக்கும் நிலக்கடலைக் கொடி ஒன்று இருக்கிறது, பிண்டோய் என்று கேட்டால் கொடுப்பார்கள். பயறு இனம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அடர்ந்த மாமர நிழலில் எதையும் நடாதீர்கள். உதிர்ந்த இலையை அப்படியே கிடக்கவிடுங்கள், அதுவே அந்த மண்ணுக்குப் போர்வை.

நடுவதற்கு நல்ல நேரம் புரட்டாசிக் கடைசி. ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தாக வேண்டும்; மேலே மட்டும் பிடுங்கினால் போர்வையைத் துளைத்துக்கொண்டு வரும். பொடுதலையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி அரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். பத்துக்குப் பத்து அடி வாசலுக்கு 400 துண்டு பிடிக்கும். மலைக்க வேண்டாம், கண்மாய்க் கரையில் ஒரு சாக்கு அறுத்தால் கிடைத்துவிடும். ஒரு அடிக்கு ஒன்று வைத்தால் 100 போதும்தான், ஆனால் இடைவெளி மூடுவதற்குள் களை முந்திக்கொள்ளும்.

அப்புறம், பாம்பு வருமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான பயம். எலியும் தவளையும் ஒளிய இடமுள்ள, முழங்கால் உயரப் புதர்தான் பாம்புக்குப் பிடித்த இடம். சீவி வைத்த பொடுதலை நாலு விரல் உயரத்தைத் தாண்டாது, எது ஊர்ந்தாலும் கண்ணில் படும். சுவரையும் வாசற்படியையும் ஒட்டி ஒரு அடி வெறும் மண்ணாக விட்டுவையுங்கள், செங்கல், விறகு எதையும் அங்கே அடுக்காதீர்கள்.

அந்தப் பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாசல் முழுக்க ஊன்றி முடித்தாள். நேற்றுச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கொடியை மெல்லத் தூக்கினால், தரையைத் தொட்டிருந்த கணுவில் அரை விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். சின்னவன் அதை மறுபடி மண்ணில் வைத்து உள்ளங்கையால் அழுத்திவிட்டான்.

வணக்கம்.