நடுச்சுவர்

வணக்கம். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் அனைவருக்கும்.

இன்று ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசப் போகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஈடித் வார்ட்டனின் ‘ரோமன் ஃபீவர்’, அதாவது ‘ரோம் காய்ச்சல்’, 1934இல் வந்தது. ரோமில் ஒரு ஓட்டல் மாடியில் இரண்டு விதவைகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளியே தெரியும் கதை அவ்வளவுதான். ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சாட்ஸ்வர்த் வீடுதான் கண்முன் வரும்.

1960களில் நிறவெறி அரசு இந்தியர்களான நம்மவர்களை இருந்த இடத்திலிருந்து கிளப்பி, டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் குடியேற்றியதே, அந்த வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் என் ஆயா, என் பாட்டிதான், எழுந்து உட்காருவார். அந்த வீட்டு அம்மாவுக்கும் ஆயாவுக்கும் எப்போதும் ஒரு புகைச்சல்தான். யார் பெண்ணுக்கு முதலில் வரன் வந்தது, யார் மகன் காலேஜுக்குப் போனான் என்று. ஆனால் பேச்சு நின்றுபோன மாதங்களிலும் தூக்குவாளி போக்குவரத்து நிற்காது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் எங்கள் கையில் கொடுத்து அனுப்புவார். கழுவித் திரும்பி வரும்போது அடியில் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். வெறும் வாளி வந்ததே இல்லை.

சரி, கதைக்கு வருவோம். திருமதி ஸ்லேடும் திருமதி ஆன்ஸ்லியும் நியூயார்க்கில் பல வருஷம் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். இளவயதில் இருவரும் டெல்ஃபின் என்ற ஒருவன் மேலேயே ஆசை வைத்தவர்கள். அவனோடு ஸ்லேடுக்கு நிச்சயமாகியிருந்தது. போட்டிக்கு வந்தவள் இரவுக் குளிரில் காய்ச்சல் கண்டு சில நாள் ஒதுங்கிக் கிடக்கட்டும் என்று, அவன் எழுதியதைப் போலக் கடிதம் எழுதி, ஆன்ஸ்லியை இரவில் ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு வரவழைத்தாள். 25 வருஷம் கழித்து அதை அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். கணவனான டெல்ஃபின் போன பிறகும் வயிற்றெரிச்சல் போகவில்லை. ஆன்ஸ்லியின் மகள் பார்பரா அத்தனை துடிப்பு, தன் மகள் ஜென்னி சாது. அதுவும் உறுத்துகிறது.

அந்தக் கடிதம் எழுதியவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வாங்கியவள் அப்போதே எரித்துவிட்டாள், அவளுக்கும் மனப்பாடம். டெல்ஃபின் கதையில் நேரில் வருவதே இல்லை. வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு பெண்களும் மனசுக்குள் சுமந்தது ஒருவரையொருவர்தான் என்று எனக்குப் படுகிறது.

கடைசியில் ஆன்ஸ்லி உண்மையைச் சொல்கிறாள். கடிதத்துக்கு அவள் பதில் போட்டாள், அவனும் வந்தான். பார்பரா அந்த இரவின் குழந்தை. இதை அவளுடைய வெற்றியாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த ஒரு வார்த்தை போதும், எதிர் வீட்டுக் குடித்தனம் என்றைக்கோ சிதறியிருக்கும். அவள் சொல்லவில்லை. தன் மானம், மகளின் பெயர், எல்லாம் காரணம்தான். ஆனாலும் அந்த மௌனத்தில் எதிர் வீட்டுக்காரிக்கும் ஒரு பங்கு இருந்தது, அதை விசுவாசம் என்றே சொல்வேன். ‘உன்னிடம் இருந்தது அந்த ஒரே கடிதம், அதுவும் அவர் எழுதியதில்லை’ என்கிற மாதிரி ஸ்லேடு சொல்லிக் காட்டியபோதுதான் அது உடைந்தது.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி ஆயாவுக்கும் ஏதோ ஒன்று தெரியும். கேட்டால், ‘அது அவ வீட்டுச் சங்கதி’ என்று எழுந்து போய்விடுவார். அந்த அம்மா இறந்து பதினாறு முடிந்த மறுநாள், எங்கள் வீட்டில் தங்கிப்போன அவருடைய வாளியை ஆயா தேய்த்துக் கழுவினார். அடியில் ஒரு பிடி சர்க்கரை போட்டார். எங்களில் யாரையும் கூப்பிடாமல் தானே எடுத்துக்கொண்டு போனார்.