கறுப்பின ஓட்டு கட்சி மாறின கதை

வணக்கம் நேயர்களே. அமெரிக்கத் தேர்தல் வந்தாலே நம்ம டீவி விவாதத்துல ஒரு பேச்சு கேட்டுக்கிட்டே இருக்கும், கறுப்பின மக்கள்னா டெமாக்ரட் கட்சிக்குத்தான் போடுவாங்கன்னு, ஏதோ பொறக்கும்போதே ரத்தத்துல கலந்து வந்த மாதிரி. 2020ல கமலா ஹாரிஸ் துணை அதிபருக்கு நின்னப்போ அவங்க தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல பூஜை போட்டாங்க, பாசத்துல செஞ்சது, சந்தோஷம்தான். ஆனா அதையே வச்சு அங்க இருக்கற இந்தியர் ஓட்டு மொத்தமும் அவங்களுக்குத்தான்னு சிலர் பேசினது எனக்கு ஒப்பல. ஒரு இனம் ஒரே கட்சிக்கு மொத்தமா போடுதுன்னா அதுக்குப் பின்னாடி என்ன நடந்துச்சு, எந்த வருஷம் நடந்துச்சுன்னு கேட்கணும். அதைத்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

ஆப்ரகாம் லிங்கன் எந்தக் கட்சி? ரிப்பப்ளிகன். அடிமைமுறையை ஒழிச்ச கட்சி அது, 1870ல அரசியல் சட்டத்துல 15வது திருத்தம் வந்து கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சதும் அந்தக் கட்சி ஆட்சியிலதான். அந்த ஓட்டைத் தெற்கு மாநிலங்கள்ல தட்டிப் பறிச்சது யாருன்னா டெமாக்ரட் கட்சி, ஓட்டு போடணும்னா வரி கட்டு, எழுதப் படிக்கத் தெரியுமான்னு பரீட்சை எழுது, அதுக்கும் அடங்கலைன்னா அடி, கொலை. அதனால ஓட்டு போட முடிஞ்ச கறுப்பின மக்கள் பல தலைமுறையா ரிப்பப்ளிகன் பக்கம்தான் நின்னாங்க, 1932ல ஊரே வேலை இல்லாம தவிச்சப்போ கூட அவங்கள்ல பெரும்பாலானவங்க ரிப்பப்ளிகன் அதிபர் ஹூவருக்குத்தான் போட்டாங்க.

1936ல டெமாக்ரட் அதிபர் ரூஸ்வெல்ட் பக்கம் திரும்பினாங்க, பத்துல ஏழு பேருக்கு மேல. நிவாரண வேலை, கூலின்னு கைக்கு ஏதோ வந்துச்சு, அதான் காரணம். ஆனா அது முழு நம்பிக்கை இல்ல, ஏன்னா கும்பலா சேர்ந்து அடிச்சுக் கொல்றதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டு வாங்கன்னு கெஞ்சியும் தெற்கு டெமாக்ரட்டுகளுக்குப் பயந்து ரூஸ்வெல்ட் அதுக்கு முழுசா நிக்கவே இல்ல. 1960 வரைக்கும் மூணுல ஒரு பங்கு கறுப்பின ஓட்டு ரிப்பப்ளிகனுக்கு இருந்துச்சு, பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அந்த வருஷம் ரிப்பப்ளிகன் அதிபர் வேட்பாளர் நிக்சனுக்காக ஊர் ஊரா பிரச்சாரம் பண்ணினார். அதே வருஷம் அக்டோபர்ல கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கை ஜார்ஜியால ஜெயில்ல போட்டாங்க. டெமாக்ரட் வேட்பாளர் கென்னடி, கிங்கோட மனைவி கொரெட்டாவுக்கு ஒரு போன் போட்டு ஆறுதல் சொன்னார், நிக்சன் வாயைத் திறக்கல. நிக்சனுக்குப் போடறதா இருந்த கிங்கோட அப்பா கென்னடி பக்கம் வந்துட்டார், தேர்தலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை இந்தக் கதையை நோட்டீஸா அடிச்சு கறுப்பின சர்ச்சுகள்ல லட்சக்கணக்குல குடுத்தாங்க.

அப்புறம் 1964. இந்த வருஷத்துல கொஞ்சம் நிக்கணும். இனப் பாகுபாட்டைத் தடை பண்ற சிவில் உரிமைச் சட்டத்துக்கு, நாடாளுமன்ற மேலவையான செனட்ல 33 ரிப்பப்ளிகன்கள்ல 27 பேர் ஆதரவாதான் ஓட்டு போட்டாங்க, விகிதம் பார்த்தா டெமாக்ரட்டை விட அதிகம், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. ஆனா எதிர்த்துப் போட்ட சிலர்ல ஒருத்தரான கோல்ட்வாட்டரைத்தான் கட்சி அதிபர் வேட்பாளரா நிறுத்துச்சு. ஜாக்கி ராபின்சன் மாதிரி ஆட்களே விட்டுட்டு வந்துட்டாங்க. அந்த நவம்பர்ல கறுப்பின ஓட்டுல சுமார் 94 சதவீதம் டெமாக்ரட் அதிபர் ஜான்சனுக்குப் போச்சு.

ஜான்சன் அவங்ககிட்ட ரொம்ப நல்லா நடந்துக்கிட்டாரான்னா அப்படியும் சொல்ல முடியாது. ஃபேனி லூ ஹேமர்னு ஒரு அம்மா, மிசிசிப்பி பருத்திக்காட்டுல கூலி வேலை, 1962ல ஓட்டுக்குப் பேர் பதியப் போனதுக்காகப் பண்ணை முதலாளி அன்னைக்கே வெளிய போன்னுட்டான், 18 வருஷம் உழைச்ச இடம். அடுத்த வருஷம் போலீஸ் லாக்கப்புல அவங்களை அடிச்ச அடி சாகுற வரைக்கும் உடம்புல இருந்துச்சு. 64 ஆகஸ்ட்ல டெமாக்ரட் மாநாட்டுல இதையெல்லாம் அவங்க டீவி கேமரா முன்னாடி சொல்லிக்கிட்டிருக்கும்போது கேமராவைத் திருப்பணும்னு ஜான்சன் அவசரமா ஒரு பேட்டி வச்சார். அது பலிக்கல, ராத்திரி செய்தியில எல்லா சேனலும் அந்தம்மா பேசினதைப் போட்டாங்க. எனக்கு அந்தப் பேச்சை எப்போ கேட்டாலும் தொண்டை அடைக்கும். இவ்வளவு நடந்தும் ஜான்சனுக்கு 94 சதவீதம்னா, அவங்க கண்ணை மூடிக்கிட்டுப் போடல, எதிர்ல நின்னது யாருன்னு பார்த்துப் போட்டாங்க.

இன ஓட்டுன்னாலே கறுப்பின ஓட்டை மட்டும் பேசறோம், வெள்ளைக்காரங்க ஓட்டை யாரும் அப்படிச் சொல்றதில்ல, இது பெரிய தப்பு. மிசிசிப்பியையே எடுத்துக்கங்க. 1936ல ரூஸ்வெல்ட்டுக்கு அங்க 97 சதவீதம். 1964ல அதே டெமாக்ரட் கட்சியோட ஜான்சனுக்கு 13 சதவீதம், கோல்ட்வாட்டருக்கு 87. ஓட்டு போட்டது யாருன்னு பாருங்க, 1965க்கு முன்னாடி அந்த மாநிலத்துல தகுதியுள்ள கறுப்பின மக்கள்ல 6.7 சதவீதம்தான் வாக்காளர் பட்டியல்ல இருந்தாங்க, அப்போ இந்த 87 கிட்டத்தட்ட முழுக்க வெள்ளைக்காரங்க ஓட்டு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் எந்த டெமாக்ரட் அதிபர் வேட்பாளரும் நாடு முழுக்க வெள்ளைக்காரங்க ஓட்டுல பாதிக்கு மேல வாங்கினதில்ல. 1965ல அலபாமா மாநிலத்து செல்மா பாலத்துல, ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவங்க போலீஸ்கிட்ட அடிபட்டு ரத்தம் சிந்தினாங்க, அதுக்கப்புறம் வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு, ரெண்டே வருஷத்துல மிசிசிப்பியோட 6.7 சதவீதம் கிட்டத்தட்ட 60 ஆச்சு.

சரி, அதெல்லாம் பழைய கதை, இப்போ வரைக்கும் ஏன் அப்படியே தொடருதுன்னு கேப்பீங்க. மைக்கேல் டாசன்னு ஒரு அரசியல் பேராசிரியர் இதை ஆராய்ச்சி பண்ணினார். என் இனத்துக்கு வர்ற நல்லது கெட்டதுதான் எனக்கும் வரும்னு ஒரு நினைப்பு கறுப்பின மக்கள்கிட்ட ஆழமா இருக்கு, வசதி வந்த டாக்டர் வக்கீலுக்குக் கூட. தன்னைப் பழமைவாதின்னு சொல்லிக்கற கறுப்பினக்காரர் நிறைய பேர் இருக்காங்க, கருத்து ஒரு பக்கம் இருந்தாலும் ஓட்டு டெமாக்ரட்டுக்கு. சர்ச், குடும்பம், தெரு, அங்கதான் இது பேச்சாவே இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சர்ச் பஸ்லயே முன்கூட்டி ஓட்டு போடப் போற பழக்கம் தெற்குல உண்டு.

இந்த வரலாறு இல்லாத இடத்துல ஓட்டு நகருது. டெக்சாஸ்ல மெக்சிகோ எல்லையை ஒட்டி ஸ்டார் கவுண்டி, நூத்துக்கு 95 பேருக்கு மேல லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க. 2016ல டெமாக்ரட் ஹிலாரி கிளிண்டன் அங்க 60 சதவீதப் புள்ளி வித்தியாசத்துல முன்னாடி இருந்தாங்க, 2020ல பைடன் வெறும் 5 புள்ளி, 2024ல டிரம்ப் ஜெயிச்சுட்டார், நூறு வருஷத்துக்கு மேல அங்க எந்த ரிப்பப்ளிகனும் ஜெயிக்காத இடம். எல்லைக் காவல் வேலை, எண்ணெய் வயல் வேலை, விலைவாசி, சட்டப்படி வந்தவங்களுக்கு சட்டமில்லாம வர்றவங்க மேல இருக்கற கோபம், இதுதான் அங்க பேச்சு. மியாமி கியூபாக்காரங்க அதுக்கும் முன்னாடியே ரிப்பப்ளிகன், காஸ்ட்ரோகிட்ட இருந்து தப்பிச்சு வந்தவங்க அவங்க. ஸ்பானிஷ் பேசறவங்கன்னு ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட்டு ஓட்டு எண்ணிப் பார்த்த கட்சிக்காரங்கதான் ஏமாந்தாங்க. கறுப்பின இளைஞர்கள்கிட்டயும் இப்போ கொஞ்சம் அசைவு தெரியுது, செல்மாவை நேர்ல பார்த்த தலைமுறை போய்க்கிட்டிருக்கு, அந்தப் பாலத்துல அடி வாங்கின ஜான் லூயிஸ் 2020ல இறந்துட்டார். தேர்தல் விதியை மாத்தணும்னா சில மாநிலங்கள் முதல்ல மத்திய அரசோட அனுமதி வாங்கணும்ங்கற வாக்குரிமைச் சட்டத்தோட முக்கியமான பாதுகாப்பை 2013ல உச்ச நீதிமன்றம் செயலிழக்க வச்சுடுச்சு, அன்னைக்கே டெக்சாஸ் தன்னோட வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப் போறதா அறிவிச்சுச்சு. அந்தப் பசங்க 1964ஐப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும், ஆனா அடையாள அட்டை இல்லைன்னு பூத்துல திருப்பி அனுப்பினா அது அவங்களோட சொந்த அனுபவம், அடுத்த தேர்தல்கள்ல அவங்க ஓட்டு எங்க போகும்கறதை அதுவும் சேர்ந்துதான் முடிவு பண்ணும்.