கல்லைப் பார்க்கிறவருக்கு எதற்கு லைசென்ஸ்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஜியாலஜி, அதாவது நிலவியல் படிக்கிற, படிக்கப் போகிற பிள்ளைகளுக்காகப் பேசச் சொன்னார்கள். தொழில்முறை உரிமம் வாங்க நினைப்பவர் கல்லூரியில் என்னென்ன பாடம் எடுக்க வேண்டும் என்பதுதான் தலைப்பு. "டாக்டருக்கு லைசென்ஸ், வக்கீலுக்கு லைசென்ஸ், சரி. கல்லைப் பார்க்கிறவருக்கு எதற்கு சார்?" என்று ஒரு மாணவரின் அப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், செயின்ட் பிரான்சிஸ் அணை என்று ஒன்று இருந்தது. கட்டியவர் வில்லியம் மல்ஹாலண்ட். அந்த நகரத்துக்கே தண்ணீர் கொண்டுவந்த பெரிய மனிதர், தானே படித்துப் பொறியாளர் ஆனவர். 1928 மார்ச் 12 காலையில் அணையில் கசிவு இருக்கிறது என்று காவலர் தகவல் சொல்ல, மல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்தார். பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு அணை உடைந்தது. தண்ணீர் வழியெல்லாம் அடித்துக்கொண்டு போய் பசிபிக் கடலில்தான் நின்றது. செத்தவர்கள் குறைந்தது 431 பேர் என்று கணக்கு.

பிறகு விசாரணை நடந்தது. அணையின் மேற்குக் கரை நின்றது சிவப்பு நிறக் கூழாங்கல் பாறையில். காய்ந்திருக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். அதில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டார்கள். குமிழி குமிழியாகக் காற்று வந்தது, ஓரம் உதிர ஆரம்பித்தது, தண்ணீர் கலங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் பாறை போய், அடியில் மணலும் சேறும்தான் மிச்சம். குடிக்கிற தம்ளர் ஒன்று போதும், இதைக் கண்டுபிடிக்க. அணைக்கு அடியில் இருக்கிற பாறையை அணை கட்டுவதற்கு முன்பே ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கலாம்!

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கிழக்குக் கரை ஷிஸ்ட் என்கிற, ஏடு ஏடாகப் பிரியும் பாறை. உடைந்தது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் என்றும், அந்த மலைச்சரிவே பழைய காலத்தில் சரிந்து கிடந்த ஒரு பெரிய நிலச்சரிவு என்றும் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்து சொன்னார்கள். இதைத் தம்ளரில் கண்டுபிடிக்க முடியாது. எதிர்ப்பக்கம் போய் நின்று, மலை ஏன் இந்த இடத்தில் வயிறு தள்ளி நிற்கிறது என்று கேட்கத் தெரிந்த கண் வேண்டும்.

அணை உடைந்ததற்கு அடுத்த ஆண்டே, 1929-ல், கலிபோர்னியாவில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சிவில் பொறியாளர்களுக்குப் பதிவு, அதாவது உரிமம், வந்தது. நிலவியலாளருக்கு? 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் குன்றுகளின் மேல் வீடுகள் ஏறின. 1956-ல் போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற கடலோரச் சரிவு நகர ஆரம்பித்து நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சீரழித்தது. அதற்கு அடியில் இருப்பது நனைந்தால் வழுக்குகிற களிமண். ஆக, லைசென்ஸ் நமக்குக் கௌரவம் கொடுக்க வந்ததல்ல. கீழே குடியிருக்கிறவருக்காக வந்தது.

சரி, பாடங்களுக்கு வருகிறேன். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் உரிமம் தருகின்றன. முதல் தேர்வு அடிப்படைத் தேர்வு. கனிமம், பாறை, படிவுப் பாறை அடுக்குகள், நில அமைப்பு, பிளவுகளும் நிலநடுக்கமும், நிலத்தடி நீர், பொறியியல் நிலவியல், பொருளாதார நிலவியல் எல்லாம் அதில் உண்டு. பட்டம் வாங்க இதில் பாதி போதும் என்று சில துறைகளில் விட்டுவிடுவார்கள். பட்டம் வேறு, உரிமம் வேறு. இதை மறுபடியும் சொல்கிறேன்: பட்டம் வேறு, உரிமம் வேறு.

பிள்ளைகள் முதலில் கைகழுவுவது எதை? ஃபீல்ட் கேம்ப்பை. கோடையில் ஐந்தாறு வாரம் வெயிலில் மலையேறி வரைபடம் போடும் பயிற்சி. காசு செலவு, சம்பளம் கிடையாது. அதற்குப் பதில் இன்னொரு கணினிப் பாடம் எடுத்தால் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேம்ப்பில் என்ன நடக்கிறது தெரியுமா? பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காம்பஸை வைத்து அளப்பார்கள். ஓட்டுக்கூரையில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அதுதான் டிப். அதற்குக் குறுக்கே ஓடும் திசை ஸ்ட்ரைக். அவ்வளவுதான்.

அளந்து முடித்தபின் இரண்டு பாறைகள் சந்திக்கிற எல்லையைக் கோடாக வரைய வேண்டும். கண்ணால் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு. தோராயமானதற்கு விட்டுவிட்டுப் போட்ட கோடு. மேலே மண் மூடியிருந்தால் புள்ளிக்கோடு. சாயங்காலம் ஆசிரியர் வரைபடத்தில் விரலை வைத்து, "இங்கே முழுக்கோடு போட்டிருக்கிறாயே, இந்தப் பாறையை நீ தொட்டாயா?" என்று கேட்பார். தொடவில்லை என்றால் ரப்பரை எடுக்க வேண்டியதுதான். இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாப் பாடத்தையும் விடப் பெரிய பாடம். பின்னாளில் உரிமம் பெற்று நம் அறிக்கையில் முத்திரை குத்தும்போது அதே கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்... நிலத்தடி நீர்ப் பாடத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். சுருக்கமாக: கட்டாயம் எடுங்கள். கணக்குக்குப் பயந்து விடாதீர்கள். நிறைய வேலைகள் அங்கே இருக்கின்றன. இந்தியாவில் பட்டம் வாங்கிவிட்டுப் போகிறவர்கள் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் பத்திரமாக எடுத்துப் போங்கள்; எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். பல மாநிலங்களில் கடைசி ஆண்டிலேயே முதல் தேர்வை எழுத விடுகிறார்கள், படித்தது மறப்பதற்குள் எழுதிவிடுங்கள். அடுத்த தேர்வு, உரிமம் பெற்ற ஒருவரிடம் சில ஆண்டு வேலை பார்த்த பிறகு. கலிபோர்னியாவில் அதற்கு மேல் இன்னொரு தேர்வும் உண்டு. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி, உரிமம் தரும் அந்தந்த மாநில வாரியத்தின் விதியைப் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்றி, வணக்கம்.