அப்பாவின் குரல் இருக்கிறது, அப்பா எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைச் சினிமாவைப் பற்றிக் கேட்பதற்காக ஒதுக்கி வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'ஒரு திரைப்படத்தை நம் மனதில் நிறுத்துவது வசனமா, ஃபிரேமா?' இதுதான் தலைப்பு. ஃபிரேம்தான், அதாவது கேமரா எதைக் கட்டம் கட்டிக் காட்டுகிறது என்பதுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களை வைத்துவிட்டு உட்கார்ந்தார். 1952-இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை இன்றும் பிள்ளைகள் மேடையேறிப் பேசுகிறார்கள் என்றார். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டோம், கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' கேட்டோம், படமே பார்க்காமல் படத்தை ரசித்தோம் என்றார். கடைசியாக '12 ஆங்ரி மென்' படத்தை எடுத்தார். பன்னிரண்டு பேர் ஒரே அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம், இதில் ஃபிரேமுக்கு என்ன வேலை என்று கேட்டார். நல்ல கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாண வீடியோ எடுப்பவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரம். தாலி கட்டும் கை தெரிய வேண்டும், பெண்ணின் முகம் தெரிய வேண்டும் என்று நெருக்கமாகப் போய் ஃபிரேம் வைத்தேன். பெண்ணின் அப்பா சற்றுத் தள்ளி நின்று, 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் கொடுத்தார். குரல் உடைந்திருந்தது. கேசட்டில் அது அப்படியே துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். முதல் கேள்வியே, "அண்ணே, அப்பா எங்கே?" என்பதுதான். குரல் இருக்கிறதே அம்மா என்றேன். "குரல் கேக்குதுண்ணே. அப்பா முகம் அந்த நேரத்துல எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்" என்றாள். என்னிடம் அது இல்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியிருந்தால் மூன்று பேரும் ஒரே ஃபிரேமில் இருந்திருப்பார்கள். தாலி ஏறும் கையும், குனிந்த தலையும், ஓரத்தில் துண்டால் வாயைப் பொத்தி நிற்கும் அப்பாவும். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டும்போது நான் நெருக்கமாகப் போவதில்லை.

நடுவர் அவர்களே, ஃபிரேம் என்றால் நாலு கோடு இல்லை. யார் உள்ளே, யார் வெளியே, உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு இடம், அவர் பக்கத்தில் யார் என்று எடுக்கும் முடிவு அது. தாலி கட்டும் கையை மட்டும் காட்டினால் அது சடங்கு. ஓரத்தில் அப்பா நின்றால் அதே சடங்கு ஒரு பிரிவாகிவிடுகிறது. பேசிய சொல் ஒன்றுதான். கதை வேறு.

சரி, என் அனுபவத்தை விட்டுவிடுவோம். நாம் எல்லோரும் நம் வீட்டு நடுக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வசனமா ஃபிரேமா என்று அறிய ஒரு சோதனை வைக்க வேண்டுமென்றால் எப்படி வைப்போம்? வசனத்தில் ஒரு எழுத்துகூடக் குறையாமல் வைத்துக்கொண்டு ஃபிரேமை மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது. சினிமாஸ்கோப் ஃபிரேமின் உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. பழைய டப்பா டிவியின் திரையோ நாலுக்கு மூன்று, அதாவது அகலம் 1.33 பங்குதான். அகலமான பல படங்களை டிவிக்காகவும் வீடியோ கேசட்டுக்காகவும் இரண்டு பக்கமும் வெட்டித்தான் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் 100-இல் 43 பங்கு படம் காணாமல் போகிறது.

வசனம் போகவில்லை. இசை போகவில்லை. கதை போகவில்லை. ஆனால் என்ன பார்த்தோம்? திரையின் இந்தக் கோடியில் கணவன், அந்தக் கோடியில் மனைவி, நடுவில் காலியான ஒரு கூடம். அவர்களுக்குள் பேச்சு நின்று பல நாளாகிவிட்டது என்று சொல்ல இயக்குநர் அந்தக் காலி இடத்தை வைத்திருப்பார். டிவியில் என்ன வரும்? இந்தப் பக்கம் அரை மூக்கு, அந்தப் பக்கம் ஒரு தோள், நடுவில் வெறும் சுவர். இல்லையென்றால் முதலில் அவர் முகம் மட்டும், அப்புறம் அவள் முகம் மட்டும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதுபோல் ஆகிவிடும். அந்தத் தூரம்தான் காட்சி. தூரத்தை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டால் மிச்சம் என்ன? இப்போது செல்போனை நிமிர்த்திப் பிடித்தபடி அதே படத்தின் துண்டுகளைத் திரை நிறையப் பார்க்கிறோம். அதில் மிஞ்சுவது முழுப் படத்தில் கால் பங்குகூட இல்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே வலிக்கிறது.

இப்போது எதிரணித் தலைவரின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதைத்தான் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அவர் எனக்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி என் பக்கத்துச் சாட்சி.

'12 ஆங்ரி மென்' 1957-இல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் சிட்னி லூமெட், ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், அதாவது அதற்காக அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள், புழுக்கமான ஒரு நாளில், ஒரு அறைக்குள். பதினொரு பேர் அந்தப் பையன் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் யோசிக்கலாம் என்கிறார். ஏறக்குறைய படம் முழுக்க அந்த அறையும் அந்தப் பேச்சும்தான். உண்மை. ஆனால் அந்த அறையை லூமெட் எப்படி எடுத்தார்?

படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நாம் மேலேயிருந்து அவர்களைப் பார்க்கிறோம். மேஜை தெரிகிறது, நாற்காலிகள் தெரிகின்றன, நடமாட இடம் இருக்கிறது. அடுத்த பங்கில் கேமரா கண் மட்டத்துக்கு இறங்குகிறது. அவர்களோடு நாமும் மேஜையில் உட்கார்ந்துவிட்டோம். கடைசிப் பங்கில் கண் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. அண்ணாந்து பார்க்கிறோம், முடிவை நெருங்கும்போது தலைக்கு மேலே கூரை தெரியத் தொடங்குகிறது. இதோடு லென்ஸையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போகிறார். ஆரம்பத்தில் அகலமாகக் காட்டும் லென்ஸ், போகப் போகத் தூரத்தைச் சுருக்கும் நீண்ட லென்ஸ். அதனால் பின்னால் இருக்கும் சுவர் ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முதுகுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

யாரும் சுவரை நகர்த்தவில்லை. அறை சிறுத்துப் போனதாக யாரும் வசனம் பேசவில்லை. பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுகிறது, சட்டைப் பித்தானைக் கழற்றலாமா என்று தோன்றுகிறது. ஏன் என்று தெரிவதில்லை. எல்லாம் முடிந்து நீதிமன்றத்துக்கு வெளியே வரும் கடைசி ஷாட்டில், படத்திலேயே மிக அகலமான லென்ஸைப் போட்டு, கேமராவை மிக உயரத்துக்கு ஏற்றினார். நமக்கெல்லாம் காற்று வர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக லூமெட்டே எழுதியிருக்கிறார். அதே பேச்சை ஒரே உயரத்தில், ஒரே லென்ஸில் எடுத்திருந்தால் நல்ல மேடை நாடகம் கிடைத்திருக்கும். நாடகத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. அது வேறு கலை.

அதிலேயே முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. 'பராசக்தி' வசனம் எனக்கும் மனப்பாடம். கலைஞர் எழுதி நடிகர் திலகம் பேசிய அந்தத் தமிழின் முன்னால் நான் கைகூப்பி நிற்கிறேன். ஒலிச்சித்திரத்தைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதிருக்கிறோம். ஆனால் நண்பர் சொன்னதையே திருப்பிப் பாருங்கள். படம் இல்லாமலேயே அந்த வசனம் நிற்கிறது என்றால், அது மேடைக்கும் வானொலிக்கும் புத்தகத்துக்கும் சொந்தமான சொத்து. சினிமாவுக்குள் வந்து தங்கிப் போன விருந்தாளி. விருந்தாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வீட்டுக்காரர் வேறு. படத்திலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போகவே முடியாத ஒன்று எதுவோ, அதைத்தான் நாம் தேட வேண்டும்.

வசனத்தின் பலம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கேட்போம். 1974-இல் வந்த 'தங்கப்பதக்கம்' படத்தின் கதை வசனம் யாருடையது? மகேந்திரன் அவர்களுடையது. அரங்கம் கைதட்டிய வசனங்கள். அதே மகேந்திரன் 1978-இல் தானே இயக்க வந்தபோது எடுத்த படம் 'முள்ளும் மலரும்'. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு. வசனத்தைக் குறைத்துவிட்டு மலையையும் மூடுபனியையும் முகங்களையும் நம்பினார். பேனா கையில் இருந்தும் அதைக் கீழே வைத்தவர் அவர். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி தமிழில் வேண்டியதில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இன்னொன்று சொன்னார். ஃபிரேம் என்பது வெறும் அழகு, காலண்டர் படம் மாதிரி, கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான் என்றார். இது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் எங்கள் தொழிலிலேயே பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். திரையை மூன்றாகப் பிரி, கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஆளை நிறுத்து, அவர் பார்க்கும் பக்கம் இடம் விடு என்று கற்றுக்கொடுக்கிறார்கள். தவறில்லை. நானும் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் அது கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல. புள்ளி கோலம் ஆகாது.

ஜப்பானிய இயக்குநர் ஒஸு, தரையில் பாய்மேல் உட்கார்ந்திருப்பவரை எடுக்கக் கேமராவையும் தரைக்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்தார். பெரும்பாலும் அதிகம் அகலமாகவும் காட்டாத, தூரத்தையும் அதிகம் சுருக்காத 50 மில்லிமீட்டர் லென்ஸ், அசையாத கேமரா. அழகுக்காகவா? அந்த வீட்டுக்குள் வந்தால் நீங்களும் உட்கார்ந்துதான் பேச வேண்டும், நின்றபடி மேலேயிருந்து பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நம்மை உட்காரவைக்கிற மரியாதை அது. நம் வீட்டில் தாத்தா தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது நின்றுகொண்டு பேசினால் அம்மா அதட்டுவாளே, அது.

'சிட்டிசன் கேன்' என்ற அமெரிக்கப் படத்தில் வெளியே பனியில் ஒரு சின்னப் பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். கேமரா பின்னால் வர வர, வீட்டுக்குள்ளே அம்மா, அப்பா, ஒரு பணக்காரக் காப்பாளர். பையனை அவரிடம் ஒப்படைக்கும் காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போடுகிறாள். தூரத்தில் ஜன்னல் சட்டத்துக்குள் பையன் சின்னதாகத் தெரிகிறான், அவன் கத்தி விளையாடுவது கேட்கிறது. முன்னால் இருப்பவர்களும் தூரத்தில் இருக்கும் அவனும் ஒரே தெளிவில் தெரியும்படி ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் எடுத்தார். 1941-இல். தன் வாழ்க்கை தன் முதுகுக்குப் பின்னால் முடிவாவது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது. எந்த வசனமும் இரண்டையும் ஒரே நொடியில் சொல்லாது, வசனம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு படத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1964-இல் வந்த சத்யஜித் ராயின் 'சாருலதா'. எனக்கு வங்காளம் ஒரு சொல்கூடத் தெரியாது. படத்தின் தொடக்கத்தில் வசனம் இல்லாததுபோலவே சில நிமிடங்கள் போகின்றன. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் சாரு, கண்ணில் வைத்துப் பார்க்கும், கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறாள். மரப்பலகை இடுக்கு வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். அப்புறம் கணவன் வருகிறார். கையில் புத்தகம். படித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போகிறார், அவள் நிற்பதைக் கவனிக்கவில்லை. அவள் அதே கண்ணாடியைத் தூக்கி அவரையும் பார்க்கிறாள். தெருவில் போகிற அந்நியரைப் பார்த்த அதே கண்ணாடி. அவர் போனதும் கண்ணாடியைக் கீழே இறக்குகிறாள். ஃபிரேம் சட்டென்று பின்னுக்கு விலகி, பெரிய வீட்டில் அவளைச் சிறியவளாக்கிவிடுகிறது.

படத்தின் முடிவில், உடைந்துபோன அந்தக் கணவன் வாசலில் வந்து நிற்கிறார். சாரு கையை நீட்டுகிறாள். அவரும் நீட்டுகிறார். இரண்டு கைகளும் தொடுவதற்கு முன்னால் ராய் ஃபிரேமை அப்படியே நிறுத்திவிட்டார். படம் அசையவில்லை. இரண்டு கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. எதிரணி நண்பர்களில் யாராவது பதிலுரைக்கு வரும்போது, அந்த இடத்தில் வைக்க ஒரு வசனம் எழுதிக்கொண்டு வரட்டும் நடுவர் அவர்களே. நான் கேட்கக் காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.