ஒரு மோட்டார், இரண்டு பேட்டரி: கரண்ட் கணக்கு போடுவது எப்படி?

[திரையில்: பானெட் திறந்த இரண்டு கார்கள், நடுவே சிவப்பு, கறுப்பு ஜம்பர் கேபிள்]

வணக்கம். பேட்டரி இறங்கிப்போன காரில் செல்ஃப் எடுக்காது. பக்கத்துக் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டால் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் ஒரே செல்ஃப் மோட்டாருக்கு இரண்டு பேட்டரிகள் கரண்ட் கொடுக்கின்றன. எது எவ்வளவு கொடுக்கிறது?

[திரையில்: இரண்டு பேட்டரி, ஒரு மோட்டார், மூன்றும் பக்க இணைப்பில்]

நல்ல பேட்டரி 12 வோல்ட். அதன் அகமின்தடையும் (பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை) கேபிளின் மின்தடையும் சேர்த்து 0.05 ஓம். இறங்கிய பேட்டரி 10 வோல்ட், அகமின்தடை 0.1 ஓம். மோட்டார் 0.1 ஓம். கணக்கு சுலபமாக வர வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் எதிர் மின்னியக்கு விசை, அதாவது பேட்டரியை எதிர்த்து மோட்டாருக்குள்ளேயே உண்டாகும் வோல்ட், வந்து கணக்கு மாறிவிடும். அதனால் சாவியைத் திருப்பிய முதல் கணத்தை மட்டும் பார்ப்போம்.

சந்திப்பில் கரண்ட்டையும் சுற்றில் வோல்ட்டையும் சரிபார்க்கும் கிர்க்காஃப் விதிகளை வைத்து இதை நேரடியாகவே போடலாம். ஆனால் எந்த பேட்டரி என்ன செய்கிறது என்பது மேற்பொருந்துதல் தேற்றத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே எழுதிவைத்த வழி இது: ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியாக வேலை செய்யவிட்டு, கிடைக்கும் கரண்ட்டுகளைத் திசை பார்த்துக் கூட்ட வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'தனியாக' என்றால் மற்ற பேட்டரியைக் கழற்றி வைப்பது இல்லை. அதன் வோல்ட்டை மட்டும் பூஜ்யமாக்குகிறோம். அந்த இடத்தில் வெறும் கம்பி வரும், அகமின்தடை அப்படியே இருக்கும். இது காகிதத்தில் மட்டும். நிஜ பேட்டரியில் கம்பி வைத்து ஷார்ட் செய்துவிடாதீர்கள், மிகவும் ஆபத்து.

[திரையில்: 10 வோல்ட் மறைந்து, அங்கே கம்பி வருகிறது]

சரி, முதலில் 12 வோல்ட் மட்டும். எதிரே 0.1, 0.1 ஓம் பக்க இணைப்பில், அதாவது 0.05. மொத்தம் 0.1 ஓம். கரண்ட் 120 ஆம்பியர். அது சரிபாதியாகப் பிரிகிறது: மோட்டாருக்கு 60, இறங்கிய பேட்டரி வழியாக 60.

அடுத்து 10 வோல்ட் மட்டும். இதே முறையில் போட்டால் 75 ஆம்பியர் கிளம்புகிறது. அதில் மோட்டாருக்கு 25தான். மீதி 50, மின்தடை குறைந்த நல்ல பேட்டரியின் வழியாகப் போய்விடுகிறது. நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்தால் மோட்டாருக்கு 50 என்று வந்திருக்கும். விடை மொத்தமும் தப்பாகியிருக்கும்.

[திரையில்: இரண்டு படமும் ஒன்றன் மேல் ஒன்று]

இப்போது கூட்டுவோம். மோட்டாரில் இரண்டும் ஒரே திசை: 60, 25 சேர்ந்து 85 ஆம்பியர். நல்ல பேட்டரியில் 120 வெளியே, 50 உள்ளே. நிகரமாக 70 கொடுக்கிறது. இறங்கிய பேட்டரியில் 75 வெளியே, 60 உள்ளே, நிகரம் 15. எழுபதும் பதினைந்தும் எண்பத்தைந்து, கணக்கு நேராகிவிட்டது. மோட்டாரின் முனைகளில் 8.5 வோல்ட். இறங்கிய பேட்டரி மட்டும் இருந்திருந்தால் 5 வோல்ட்தான் கிடைத்திருக்கும். செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

கடைசியாக ஒன்று. பவரை இப்படித் தனித்தனியாகக் கூட்டவே கூடாது. 60 ஆம்பியருக்கு 360 வாட், 25 ஆம்பியருக்கு 62.5 வாட், கூட்டினால் 422.5. ஆனால் மோட்டார் உண்மையில் எடுப்பது 722.5 வாட். பவர் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் கரண்ட்டை முதலில் கூட்டிவிடுங்கள், அப்புறம் வர்க்கம் எடுங்கள். டையோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருக்கும் சர்க்யூட்டில் கரண்ட்டையே இப்படிக் கூட்ட முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.