கணக்கில் வராத பாத்தி

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டு மஞ்சள் சந்தையில் மூட்டையின் வாயருகே கிடக்கும் விரலியை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. உள்ளிருந்து நாலு விரலி எடுத்து, ஒடித்து, உள்நிறம் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கும். ஆனால் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று ஒரு செய்தி வந்தால் நாம் ஒடித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கே இன்று வந்திருக்கிறேன்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருந்த ஒரு மஞ்சள் வயலில், புதிய உரக்கலவை ஒன்றைச் சோதித்த குழுவில் நான் இளநிலை உதவியாளனாக இருந்தேன். வயலை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எந்தப் பாத்திக்கு உரம், எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தோம். மூன்று பகுதிகளில் உரமிட்ட பாத்தி நன்றாக விளைந்தது. வாய்க்காலை ஒட்டிய நான்காவது பகுதியில் உரமிடாத பாத்தியே கூடுதல் எடை கொடுத்தது. கசிவுநீர் தேங்கிக் கிழங்கு அழுகியதால் அந்தக் கணக்கு செல்லாது என்று குழுவின் மூத்தவர் சொன்னார். அழுகல் உண்மைதான், என் களக் குறிப்பேட்டில், ஐப்பசி மழைக்குப் பிந்தைய பக்கத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆனால் அழுகல் இரண்டு பாத்திகளிலுமே இருந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அது தெரிந்தும், மூன்று பகுதிகளின் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வாய்க்காலோரம் நிலம் வைத்திருந்த விவசாயிக்குத்தான் அந்த நான்காவது பகுதியின் கணக்கு வேண்டியிருந்தது. அவருக்கு அது போய்ச் சேரவே இல்லை.

ஒரு வயலில் நடந்த இதே தவறு, மருந்துத் துறையில் எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை எடுத்து, ஆய்விதழ்களில் அச்சானவற்றோடு அந்தக் குழுவினர் ஒத்துப் பார்த்தார்கள். மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளில் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகம்போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் நம்பிய மருத்துவருக்கு நூற்றுக்கு 94 ஆய்வுகள் வெற்றி என்று தோன்றியிருக்கும். முழுக் கணக்கில் அது 51 மட்டுமே. இதில் பொய்யான எண் என்று ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவே நோயாளியைத் தவறான நம்பிக்கையில் நிறுத்திவிடும்.

இதற்கான தடுப்பு, ஆய்வைத் தொடங்கும் முன்பே பதிவு செய்வது. இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு 2007இல் தொடங்கி, மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூன் முதல் கட்டாயமானது. எத்தனை பேரிடம், எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், பிறகு வசதிக்கேற்ப மாற்றுவது எல்லைக்கல் நட்டபின் வரப்பை நகர்த்துவது போலாகும், ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் பதிவு மட்டும் போதாது. முடிவு எப்படி இருந்தாலும் அது வெளிவர வேண்டும். மூல அளவுகளைப் பிறர் எடுத்துச் சரிபார்க்கவும் வழி இருக்க வேண்டும்.

வேளாண் இடுபொருள் விற்க வருபவர் ‘விளைச்சல் கூடும்’ என்று ஓர் அறிக்கையை நீட்டினால், எத்தனை இடங்களில் போட்டுப் பார்த்தீர்கள், எங்கே விளையவில்லை, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையாக ஆய்வு செய்தவருக்கு இந்தக் கேள்விகள் சங்கடம் தராது.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் ஆய்வு மாணவி, நீர் தேங்கிய ஒரு பாத்தியைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாமா என்று கேட்டு வந்தபோது, அந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். அவருடைய அட்டவணையில் இப்போது அந்தப் பாத்தியின் எடை இருக்கிறது. அதன் கீழே, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்ற குறிப்பும் இருக்கிறது.

வணக்கம்.